உன் அப்பா சொல்லாத எண்கள்

மகளே,

நீ ஊருக்கு முன்னால் கதைத்துவிட்டாய். ஆகவே நானும் உனக்குத் தனியாக எழுதாமல் ஊர் பார்க்கத்தான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். உன் பெயரைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை, என் பெயர் ஒருவருக்கும் தேவையுமில்லை. திருகோணமலையில் எங்களைத் தெரிந்தவர்கள் வாசித்தால் யாரென்று கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும்.

உன்னுடைய வீடியோவை நான் முதன்முதலில் பார்த்தது உப்புவெளி விடுதியில், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த நேரம். என்னோடு வேலை செய்கிற பிள்ளை போனை நீட்டி, "அக்கா, இது உங்கட மகள் எல்லே?" என்று கேட்டாள். நீதான். கொழும்பு அறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒவ்வொரு எண்ணைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசித்திரமான தகவல், கூடவே ஒரு சின்ன வீட்டுக் கதை. நல்லாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, முதலாவது வீடியோவின் கடைசி வசனம் வரும்வரை. "இந்த விளையாட்டை எனக்குச் சொல்லித் தந்தது என்ர அப்பா. அவர் கப்பல்ல வேலை செய்தவர். ஒவ்வொரு துறைமுகத்தில இருந்தும் எனக்கு ஒரு எண் அனுப்புவார்." அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, உங்கட மனுசன் நல்லாப் படிச்சவரோ?" என்று கேட்டாள். "விரிப்பின்ர மூலையைப் பிடி" என்று சொன்னேன்.

உனக்குக் கல்யாணம் வருகிறது. கல்யாணத்துக்கு முதல் தாய் மகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது எண்களின் கதை மட்டும்தான். அதை நீ சொன்ன ஒழுங்கிலேயே சொல்கிறேன், நடந்தபடி.

உன் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். பிறகு ஓர் ஏஜென்சி மூலம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் ஏறினார். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. முதல் சில மாதம் போன் வந்தது. பிறகு குறைந்தது, பிறகு நின்றது. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்பாய், "அப்பா போன் எடுத்தவரோ?" நான் இல்லை என்று சொல்வேன். நீ போய்ச் சாப்பிடாமல் படுப்பாய். உன் கையெலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் எனக்கு ஏலாமல் போய்விட்டது. "ஓம், எடுத்தவர். நீ பள்ளிக்கூடத்தில நிண்ட நேரம்" என்றேன். "என்ன சொன்னவர்?" என்று கேட்டாய். நான் அதை யோசித்திருக்கவில்லை. உன் கணக்குக் கொப்பி கதிரையில் திறந்து கிடந்தது, அதில் உன் கையெழுத்தில் பெரிதாக ஒரு ஒன்று. "ஒண்டைப் பற்றிச் சொன்னவர். ஒண்டால எதைப் பெருக்கினாலும் அது அப்பிடியே இருக்குமாம். அதுபோல தான் தூர இருந்தாலும் நாங்கள் அப்பிடியே இருப்பமாம்" என்றேன். நீ அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாய். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாய். "ரெண்டை எப்ப சொல்லுவார்?" என்று கேட்டாய். "கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போனாப் பிறகு" என்று சொன்னேன். அப்படித்தான் தொடங்கியது.

இரண்டு எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிஞ்சியிருந்தது. இரட்டை எண்களுக்குள் முதன்மை எண்ணாக இருப்பது அது ஒன்றுதான். மூன்றை நான் அரிசி களையும்போது கண்டுபிடித்தேன். ஒவ்வொரு எண்ணின் பெயரையும் எழுத்தெழுத்தாக விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூ, ன், று. மூன்று எழுத்து. எழுதினாலும் சரி, "மூண்டு" என்று நாங்கள் கதைக்கிறபடி சொன்னாலும் சரி, மூன்றுதான். ஒன்றுக்கு அப்படி இல்லை, இரண்டுக்கு இல்லை, நாலுக்கும் பத்துக்கும் இல்லை. தமிழில் தன் பெயரும் தன் அளவும் ஒன்றாக இருக்கிற எண் அது ஒன்றுதான். எனக்கு அன்று வந்த சந்தோசத்தில் களைந்த தண்ணீரோடு பாதி அரிசியும் போய்விட்டது. அதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உன்னுடைய வீடியோக்களில் ஆகக்கூடச் சனம் பார்த்தது இந்த மூன்றைத்தானாம். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், "என்ன நுணுக்கமான தகப்பன்" என்று. அதற்கு நீ ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாய்.

நாலில் நான் வசமாக மாட்டினேன். நாலு திசை, நாலு வேதம் என்று ஒப்புக்குச் சொன்னேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது அப்பா சொன்ன மாதிரி இல்லை அம்மா, நீங்கள் சொல்லுற மாதிரி இருக்கு" என்றாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது வருவதில்லை. அதற்குப் பிறகு நான் சும்மா சொல்வதை விட்டுவிட்டு, காண்கிறவர்களிடமெல்லாம் கேட்கத் தொடங்கினேன். திருக்கடலூர்க் கரையில் வலை இழுத்தவர்கள் ஒரு கடல் நட்சத்திரத்தைச் சிரட்டையில் போட்டுத் தந்தார்கள். அதற்கு ஐந்து கை, ஒன்று அறுந்தால் திரும்ப முளைக்கும். பக்கத்து வீட்டு டியூசன் மாஸ்டர் ஆறைத் தந்தார். ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் கூட்டினாலும் ஆறு, பெருக்கினாலும் ஆறு. எனக்கு ஓர் எண் கிடைக்கிற நாள்தான் உன் அப்பாவின் கப்பல் துறைமுகம் சேருகிற நாள். கிடைக்காவிட்டால் கடலில் புயல்.

ஏழுக்கு உன்னைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெந்நீர்க் கிணறு ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. என் தம்பியான உன் மாமாவும் மாமியும் வந்தார்கள். நீ ஒரு கிணற்றில் கையை வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடி, "இதுதான் கூடச் சூடு, இல்லை இதுதான்" என்று கத்திக்கொண்டிருந்தாய். அந்த நேரம் எனக்கு ஒரு போன் வந்தது. உன் அப்பாவோடு கப்பலில் இருந்த, சல்லி ஊர்ப் பெடியன். அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "அக்கா, அண்ணன் கப்பலை விட்டு இறங்கிக் கனநாள். பிரான்சில இருக்கிறார். ஒரு பொம்பிளையோட இருக்கிறார். பிள்ளை பிறந்திருக்கு. நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியள் எண்டுதான் எடுத்தனான்." நான் போனை மடியில் செருகினேன். எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக்கு வந்து, செத்த மனிதருக்காகத் தலையில் வார்த்துக்கொண்டு நின்றது. நானும் வாளியை வாங்கி வார்த்தேன். மாமி ஓடிவந்து, "என்ன மச்சாள், முகம் இப்பிடி இருக்கு?" என்று கேட்டா. "தண்ணி சுடுகுது" என்றேன். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் நீ என் ஈரத் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பாவுக்கு ஏழு எப்பிடித் தெரியும்? அவர் இங்க வந்தவரோ?" என்று கேட்டாய். "வந்தவர்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு கனகாலம் எட்டு வரவில்லை. எனக்கு மனம் இல்லை. நீ கேட்டுக் கேட்டுக் களைத்து, ஒரு நாள் மெதுவாக, "அம்மா, கப்பல் கடலுக்குள்ள மூழ்கிட்டுதோ?" என்று கேட்டாய். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உனக்கு அந்த வயதில் அப்பா செத்திருப்பார், எனக்கு இந்த வயதில் மகள் மிஞ்சியிருப்பாள். நான் சொல்லவில்லை. எட்டைப் படுக்க வைத்தால் முடிவில்லாதது என்று சொன்னேன். நீ பாயில் எட்டுப் போலச் சுருண்டு படுத்துக் காட்டினாய்.

ஒன்பதுக்குக் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றிவந்தோம். ஒன்பது பேர் ஒரு மேடையில் நிற்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பத்தைத் தந்தது சல்லியிலிருந்து மீன் கொண்டுவருகிற மனுசி. கணவாயைப் புரட்டிக் காட்டி, "இங்க பார் பிள்ளை, எட்டுக் கை கட்டை. ரெண்டு நீளம். அந்த ரெண்டையும் ஒளிச்சு வச்சிருக்கும், இரையைக் கண்டாத்தான் வெளிய விடும்" என்று சொன்னா. பதினொன்றைத் தந்தது நாங்கள் நானா என்று கூப்பிடுகிற குச்சவெளி பஸ் கொண்டக்டர். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் நூற்றிருபத்தொன்று, நூற்றிப்பதினொன்றை அதனாலேயே பெருக்கினால் பன்னிரண்டாயிரத்து முன்னூற்றி இருபத்தொன்று. முன்னுக்கிருந்து வாசித்தாலும் பின்னுக்கிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நெரிசலுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பாடமாக்கினேன். பன்னிரண்டு திரும்ப டியூசன் மாஸ்டர். பன்னிரண்டின் வர்க்கம் நூற்றி நாற்பத்து நாலு. பன்னிரண்டைத் திருப்பினால் இருபத்தொன்று, அதன் வர்க்கம் நானூற்றி நாற்பத்தொன்று, அதுவும் திரும்பி நிற்கிறது. பதின்மூன்றுக்கும் அப்படி வரும். ஆனால் பதின்மூன்றுக்கு நான் சொன்னது விடுதிக் கதை. வெள்ளைக்காரர் பயப்படுவார்கள் என்று எங்கள் விடுதியில் பன்னிரண்டாம் அறைக்குப் பக்கத்தில் பதினாலாம் அறை. நீ கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாய், "அப்ப பதினாலில படுக்கிற ஆள்தானே அம்மா பதின்மூண்டில படுக்கிறார்? அவருக்கு அது தெரியாதோ?" அந்தக் கேள்வியையும் நீ வீடியோவில் சொன்னாய். "இப்பிடி நான் அப்பாட்டக் கேட்டனான்" என்று சொன்னாய்.

பதினாலு என்னவென்று எனக்கு இப்போது நினைவில்லை. பதினைந்து மாயச் சதுரம், ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒன்பது கட்டத்தில் முறையாக எழுதினால் எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்து. அதை நீ முற்றத்து ஈரமணலில் எழுதி, நாய் மிதிக்காமல் காவலிருந்தாய். பதினாறை மாமி சொன்னா, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிற பதினாறு. "என்ன பதினாறு பிள்ளையோ?" என்று நீ பயந்தாய். "பிள்ளையில்லையடி, பேறு" என்று மாமி விளங்கப்படுத்தினா. பதினேழு, முதல் நாலு முதன்மை எண்களையும் கூட்டினால் வருவது. பதினெட்டு, மூன்றுக்கு ஆறு என்று ஒரு நீள்சதுரம் கீறினால் அதன் சுற்றளவும் பதினெட்டு, பரப்பும் பதினெட்டு. அதை நான் சொல்லி முடிக்க நீ தலையை ஆட்டிவிட்டு, "இனிக் காணும் அம்மா, போதும். எனக்கு அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்குப் படிக்க இருக்கு" என்றாய். பிள்ளை வளர்ந்துவிட்டது, மறந்துவிட்டது என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தொன்பதை நான் தேடவேயில்லை.

அந்தப் பதினெட்டோடு உன் அப்பா எங்கள் வீட்டில் முடிந்தார் என்று நான் நினைத்திருந்தேன். நீ படித்தாய். ஸ்கொலர்ஷிப் சோதினைக்கு உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனது மாமா. டெங்கு வந்து நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது வாசல் பெஞ்சில் படுத்தது மாமா. நீ கம்பஸுக்குப் படிக்கப் போகும்போது சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் சீற் பிடித்தது மாமா. இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. ஆனால் மாமாவைப் பற்றி ஓர் எண்ணிலும் நீ ஒரு வசனம் சொல்லவில்லை.

உன் வீடியோவை உன் அப்பா பிரான்சில் இருந்துகொண்டு பார்த்திருக்கிறார். கீழே "மகள்" என்று ஒரு சொல் எழுதியிருக்கிறார். இத்தனை வருசத்துக்கும் ஒரு சொல். நீ உடனே அவருக்கு எடுத்தாய். அதை எனக்குச் சொல்ல உனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் சொன்னாய், அதுவும் நீயாகச் சொல்லவில்லை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாய், மாப்பிள்ளையோடுதான் என்று நினைத்தேன். அப்போது அந்தக் குரல் கேட்டது. குரல் மாறவில்லை. "ஏழு எண்டாக் கன்னியா எல்லே மகள், நினைவிருக்கோ? நான் அண்டைக்கு எந்தத் துறைமுகத்தில நிண்டனான் தெரியுமோ? நல்ல குளிர். போன் பூத்தில நிண்டு உனக்காக எடுத்தனான்." நீ சிரித்தாய். "ஓம் அப்பா, நினைவிருக்கு" என்று சொன்னாய். துருவலையில் என் விரல் வெட்டுப்பட்டுவிட்டது. தேங்காய்ப் பூ சிவந்த பிறகுதான் பார்த்தேன்.

நீ போனை வைத்ததும் நான் சொன்னேன். நான் கத்தவில்லை, அதை நீ ஒத்துக்கொள்வாய். "பிள்ளை, அந்த முதல் மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரு நாளும் எடுக்கேல்லை. ஒரு எண்ணும் சொல்லேல்லை. எல்லாம் நான்தான்" என்றேன். நீ அழுவாய், என்னைக் கட்டிப்பிடிப்பாய், ஏன் ஏமாற்றினீர்கள் என்று கோவிப்பாய், எதற்கும் ஆயத்தமாகத்தான் நின்றேன். நீ என் விரலைப் பிடித்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டே, "எனக்குத் தெரியும் அம்மா" என்று சொன்னாய்.

"எப்ப தெரியும்?"

"அஞ்சாம் வகுப்பிலயே. கொண்டக்டர் நானா பஸ்ஸில வச்சுக் கேட்டவர், 'என்ன புள்ள, பதினொண்டைப் பெருக்கிப் பாத்தியா? உங்கட அம்மா என்னை விடவேயில்ல' எண்டு. பிறகு மீன்காரம்மாட்டக் கேட்டனான். பிறகு மாஸ்டரிட்டக் கேட்டனான்."

"தெரிஞ்சுகொண்டோ வீடியோவில அப்பிடிச் சொன்னனி?"

நீ என் விரலைத் திருப்பி வெட்டைப் பார்த்தாய். பிறகு, பிழை திருத்துகிற ரீச்சர் மாதிரிப் பொறுமையாகச் சொன்னாய். "அம்மா, கப்பல்ல இருந்து அப்பா ஒவ்வொரு எண்ணா அனுப்பினவர் எண்டாச் சனம் நிண்டு கேக்கும். அம்மா குசினிக்குள்ள வச்சுச் சொன்னவ எண்டா ஆர் கேக்கும்? எல்லா அம்மாவும் ஏதோ சொல்லுறதுதானே."

மகளே, உன்னுடைய மாப்பிள்ளை நல்ல பிள்ளை. என்னோடு மரியாதையாகக் கதைக்கிறான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறான். அவன் உனக்குக் குறை வைக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதற்கு மட்டும் நான் உரித்துள்ளவள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது காய்ச்சலில் கிடந்து, நீ முழித்திருந்து பார்த்தாயானால், காலையில் பிள்ளையிடம், "அப்பாவும் முழிச்சவர்" என்று சொல்லாதே. அவன் முழித்திருந்தால் சொல்லு. முழிக்காவிட்டால் நித்திரை என்று சொல்லு. பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று ஒரு மனிதனுக்கு இல்லாத நல்லதை எல்லாம் நாங்கள் இட்டுக்கட்டிக் கொடுக்கிறோம். பிறகு அந்த மனிதன் ஒரு நாள் வந்து அதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறான். அளவு தைத்தது போலப் பொருந்தியிருக்கிறது. கழற்றச் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை, ஏனென்றால் தைத்தது நாங்கள்.

விரலுக்குத் துணி சுற்றிவிட்டு நீ கேட்க வந்ததைக் கேட்டாய். அப்பா கல்யாணத்துக்கு வருகிறார். தனியத்தான் வருகிறார், அந்த மனுசியும் பெடியன்களும் வரவில்லை. கன்னிகாதானம் அவர் கையால் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்கு நான் பக்கத்தில் நிற்க வேண்டும். "ஒரு மணித்தியாலம்தானே அம்மா. பட்டுச் சீலை கட்டிக்கொண்டு பக்கத்தில நிண்டாக் காணும். தண்ணியை மட்டும் வாத்துவிடுங்கோ. ஆக்கள் பாக்க வடிவா இருக்கும்." நான், "மாமா?" என்று கேட்டேன். மாமாவும் மாமியும்தான் உன்னைத் தாரை வார்த்துக் கொடுப்பதென்று நிச்சயதார்த்தத்திலேயே பேசியிருந்தது. "மாமா விளங்கிக்கொள்ளுவார்" என்று நீ சொன்னாய்.

மாமா விளங்கிக்கொண்டான். நீ கொழும்புக்குப் போன அடுத்த நாள் நான் போய்ச் சொன்னேன். அவன் அலுமாரியைத் திறந்து, அதற்கென்று எடுத்து வைத்த சரிகை வேட்டியை எடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். "பெத்த தேப்பன் வந்தா நான் என்னத்துக்கு அக்கா. பிள்ளை சந்தோசமா இருந்தாச் சரி" என்று சொல்லி, அதைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். சாத்திய கதவைத் திரும்பவும் ஒருக்கா அழுத்திப் பார்த்தான். மாமி எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனவ குசினியை விட்டு வெளியே வரவில்லை.

நான் நேரே கோயிலடிக்குப் போனேன். உன் கல்யாணத்தை நடத்தப்போகிற ஐயர் மத்தியானப் பூசை முடித்துவிட்டு வெளி மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்தார். எனக்குக் கன கேள்வி இருக்கவில்லை, இரண்டுதான் இருந்தது. "ஐயா, கன்னிகாதானத்துக்குத் தேப்பன் மட்டும் நிண்டு தாய் நிக்காட்டி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"தாய் இல்லாத பிள்ளையோ?"

"தாய் இருக்கு. நிக்க ஏலாது."

"அதுக்கு வழி இருக்கு பிள்ளை. பத்தினியின்ர இடத்தில தருப்பையை வச்சுச் செய்யிற வழக்கம் உண்டு. மந்திரத்துக்குப் பிழையில்லை."

"சரி ஐயா. தேப்பன் இல்லாமல் தாய் மட்டும் நிண்டா?"

அவர் விசிறியை நிறுத்தினார். நல்ல மனிதர், பொய் சொல்ல விரும்பவில்லை. "அப்பிடி ஒரு வழக்கம் இல்லையம்மா. அப்ப வேற தம்பதியைத்தான் பிடிக்கவேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் என்று பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கோயில் வளவில் திரிகிற மான்களில் ஒன்று மண்டபத்து நிழலிலிருந்து எழும்பி நின்று என்னைப் பார்த்தது. "ஏனம்மா சிரிக்கிறியள்?" என்று ஐயர் கேட்டார். "ஒண்டுமில்லை ஐயா. தாய்க்குப் பதில் புல்லுக் காணும். தேப்பனுக்குப் பதில் தாய் காணாது. இதை எனக்கு முதலே ஆரும் சொல்லியிருந்தா நான் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டன்" என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரில் பிழை இல்லை.

அதுதான் என்னுடைய பதில், மகளே. நான் உன் கல்யாணத்துக்கு வருவேன். வராமல் இருந்து உன்னைச் சனத்தின் வாயில் போட மாட்டேன். பலகாரம் சுட வேண்டியதைச் சுட்டுத் தருவேன், மாப்பிள்ளையின் தாயைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்துவேன். நீ எடுத்துத் தந்த பட்டுச் சீலையைக் கட்டுவேன், எனக்கு அந்த நிறம் பிடிக்காவிட்டாலும். ஆனால் மணவறைக்கு ஏற மாட்டேன். மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் சபையில் இருப்பேன். மாமாவை அந்தச் சரிகை வேட்டியோடுதான் வரச் சொல்லியிருக்கிறேன். அறுகரிசி போடச் சொல்லும்போது எல்லாரோடும் வரிசையில் வந்து உன் தலையில் போடுவேன். நீ சந்தோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போடுவேன், அதில் எனக்கு வஞ்சகம் இல்லை.

உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு ஐயரிடம் சொல்லித் தருப்பைக்கு ஒழுங்கு செய்துவிட்டேன். நல்ல நீளமாக, வாடாததாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். படத்துக்கு அது அவ்வளவு வடிவாக வராது. ஆனால் உன் அப்பா அன்றைக்கு என்ன கதை சொன்னாலும் அது மறுத்துக் கதைக்காது.

அம்மா